நாலு ரப்பர் சக்கரத்தின் மேல் ஓர் எர்த்

எங்க ஊர் எட்டயபுரத்தில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். எழுபது வயசைத் தாண்டியவர். காலமான அவருடைய அண்ணன் விட்டுப்போன கார் ஒன்று அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கிறது. எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர்தான் உட்காரலாம், கூரையை மடக்கிக்கொள்ளலாம். இங்கிலாந்தின் ஆபிங்டன் ஊரில் 1955 முதல் 1962 வரை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் செய்தார்கள். பெரும்பாலானவை வெளிநாடுகளுக்குப் போயின. அதில் ஒன்று பல கை மாறி எங்க கரிசல் மண்ணுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, நீ கம்ப்யூட்டர்ல கோளாறு கண்டுபிடிக்கவன்லா. இதைக் கொஞ்சம் பாரு. பேய் புடிச்சிருக்குங்கானுவ."

பேய் செய்த வேலைகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஒன்று: செல்ஃப் நாப்பை இழுத்தால் எஞ்சின் இரண்டு சுற்று சோம்பலாகச் சுற்றி நின்றுவிடும். இரண்டு: அந்த நேரத்தில் சோக் கேபிள் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், லேசாகப் புகை வாசனையும் வரும். மூன்று: வண்டி ஓடும்போது சோக்கை உள்ளே தள்ளினால் சில சமயம் எஞ்சின் அணைந்துவிடும். நான்கு: பேட்டரிக்குச் சார்ஜ் சரியாக ஏறுவதில்லை. அதனால் ராத்திரியில் ஹெட்லைட் போகப் போக மஞ்சளாகி, பிறகு ஆரஞ்சாகி, மங்கிவிடும்.

நான்காவதுதான் விஷயம். தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மதினியோடு ராத்திரி திரும்பும்போது, குறுக்குச்சாலை தாண்டி இருட்டில் எஞ்சின் அணைந்து, விளக்கும் செத்துவிட்டது. துறைமுகத்துக்குப் போகிற, வருகிற லாரிகள் ஓடுகிற ரோடு அது. பின்னால் வந்த லாரிக்காரர் கடைசி நேரத்தில் ஒடித்துத் திருப்பினார். அன்றோடு மதினி அந்தக் காரில் ஏறுவதை விட்டுவிட்டார். கோயம்புத்தூரில் ஒருவர் விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "பொங்கலுக்குள்ள சரியாகலேன்னா குடுத்துருவேன், அண்ணன் ஞாபகத்தைவிட உசுரு பெரிசுலா" என்றார் அண்ணாச்சி.

ஏற்கனவே மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். முதல் ஆள் பேட்டரிகளை மாற்றினார். (இந்தக் காரில் சீட்டுக்குப் பின்னால் ஆறு வோல்ட் பேட்டரிகள் இரண்டு, வரிசையாக இணைத்து 12 வோல்ட்.) இரண்டாவது ஆள் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி ஆர்மேச்சரைச் சரிசெய்தார். மூன்றாவது ஆள் டைனமோ, கட்-அவுட், காயில் எல்லாம் மாற்றிவிட்டு, "மொத்த ஒயரிங்கையும் பிடுங்கிப் புதுசா போடணும்" என்று சொல்லிவிட்டார்.

பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு கேலி உண்டு. இந்தக் கார்களுக்கு மின்சாதனங்கள் செய்துகொடுத்த லூகாஸ் கம்பெனிக்கு 'இருளின் இளவரசர்' என்று பட்டம். விளக்கு எரியவில்லையா, லூகாஸைத் திட்டு. நானும் அந்த நினைப்போடுதான் மீட்டரை எடுத்தேன்.

கறுப்பு முனையைக் காரின் பாடியில் வைத்தேன். சிவப்பு முனையை ஃப்யூஸ் பெட்டியில் பழுப்பு ஒயர் வரும் இடத்தில் வைத்தேன். லூகாஸின் வண்ணக் கணக்கில் பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வரும் ஒயர். மீட்டர் காட்டியது: −12.4.

மைனஸ்!

பேட்டரியை யாரோ திருப்பிப் போட்டுவிட்டார்கள், கோளாறு கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஸ்பேனரை எடுத்துக் கேபிளைக் கழற்றப் போனேன். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துத் தெரு வயசான எலக்ட்ரீஷியன் ஒருவர் கையைப் பிடித்தார். "ஏம்பா, இது பாசிட்டிவ் எர்த் வண்டி. அந்தக் காலத்துல இப்படித்தான் வரும். மாத்திப் போட்டு எதையும் எரிச்சிராத."

மெட்டாடர் வேனில் ஆரம்பித்து இன்றைய கார் வரைக்கும் எனக்குத் தெரிந்த எல்லா வண்டியிலும் பாடி என்றால் நெகட்டிவ். பாசிட்டிவை எதற்குப் பாடியில் கட்டினார்கள்? அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று அன்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது. வீட்டில் எர்த் என்றால் புரிகிறது. முற்றத்து ஓரத்தில் குழி தோண்டி, கம்பி இறக்கி, உப்பும் கரியும் போட்டு, கோடையில் கரிசல் வெடித்துப் பிளந்தால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறோம். கார் நாலு ரப்பர் சக்கரத்தின் மேல் நிற்கிறது. மண்ணைத் தொடுவதே இல்லை. அதில் எதை 'எர்த்' என்கிறோம்?

இதற்கு விடை தேடினால் கார் பிறப்பதற்கு ஐம்பது வருஷம் முன்னால் போக வேண்டியிருக்கிறது.

மின்சாரம் ஒரு வட்டம். போனது திரும்பி வந்தாக வேண்டும். ஆகவே முதல் தந்திகளுக்குப் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்று குறைந்தது இரண்டு தேவைப்பட்டன. 1838-ல் மியூனிக்கைச் சேர்ந்த கார்ல் ஆகஸ்ட் ஸ்டைன்ஹைல் கம்பிச் செலவை மிச்சப்படுத்த ஒரு வழி பார்த்தார். நூரம்பர்க்குக்கும் ஃபூர்த்துக்கும் இடையே ஜெர்மனியின் முதல் ரயில் பாதை ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரண்டு தண்டவாளங்களையே இரண்டு கம்பிகளாக வைத்துக்கொள்ளலாமே என்று நினைத்தார். நடக்கவில்லை. ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் மண் வழியாகவே பாய்ந்துவிட்டது. சோதனை தோற்றது. ஆனால் அந்தத் தோல்வியிலேயே அவருக்கு வேறொன்று தெரிந்தது. மண் இவ்வளவு நன்றாகக் கடத்துகிறது என்றால், திரும்புகிற கம்பியே வேண்டாம், இரண்டு முனையிலும் உலோகத் தகட்டைப் புதைத்தால் போதும்.

அடுத்த வருஷம், 1839-ல், கல்கத்தாவில் வில்லியம் ப்ரூக் ஓஷானெஸி என்ற டாக்டர் தந்திச் சோதனை நடத்தினார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் அவர். கிட்டத்தட்ட இருபது மைல் நீளத்துக்குக் கம்பியை மரங்களிலும் மூங்கில்களிலும் கட்டினார். சுற்றின் ஒரு பகுதியாக ஹூக்ளி ஆற்றுத் தண்ணீரையே பயன்படுத்திப் பார்த்தார். பிறகு 1850களில் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை என்று நாடு முழுக்கத் தந்தி போட்டவரும் இவர்தான். ஒற்றைக் கம்பி, திரும்ப பூமி என்பதே தந்தியின் வழக்கமாகிவிட்டது. சென்னையில் 1895-லிருந்து 1953 வரை ஓடிய டிராமும் தண்டவாளத்தைத் திரும்பும் வழியாக வைத்துக்கொண்டது.

காருக்கு விளக்கும் செல்ஃபும் வந்தபோது, சில வண்டிகளில் போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர் என்றுதான் போட்டார்கள். சீக்கிரமே தந்திக்காரர்களின் சிக்கனம் இங்கேயும் வந்தது. வண்டி முழுக்க இரும்பாக இருக்கும்போது திரும்புவதற்குத் தனி ஒயர் எதற்கு? பல்புக்கு ஒரு ஒயர் போதும், மற்றது பாடியில். தந்திக்குப் பூமி செய்த வேலையைக் காருக்குச் சேஸிஸ் செய்கிறது. வேலை மாறவில்லை என்பதால் பெயரும் மாறவில்லை. அதனால்தான் மண்ணைத் தொடாத ஒன்றை நம்ம மெக்கானிக் இன்றும் 'எர்த்' என்கிறார்.

சரி, பாசிட்டிவை ஏன் எர்த்தில் கட்டினார்கள்? இதற்கு இன்னும் கொஞ்சம் பின்னால், 1824-க்குப் போக வேண்டும்.

பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் மர அடிப்பகுதிக்குச் செம்புத் தகடு அடிப்பார்கள். கடல் நீரில் செம்பு அரித்துக்கொண்டே போனது. ஹம்ஃப்ரி டேவியிடம் பிரச்சினையைக் கொடுத்தார்கள். அவரிடம் உதவியாளராக மைக்கேல் ஃபாரடே இருந்தார். இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி உப்புத் தண்ணீரில் இருந்தால், ஒன்று கரையும், மற்றது தப்பிக்கும் என்பதை டேவி பிடித்துக்கொண்டார். செம்போடு சிறு இரும்பு அல்லது துத்தநாகத் துண்டுகளைச் சேர்த்து வைத்தால் அந்தத் துண்டுகள் கரையும், செம்பு பிழைக்கும். சோதனைக்கு எடுத்துக்கொண்ட கப்பல்களில் ஒன்று 'சமராங்'. நம்ம கொச்சியில் கட்டி 1822-ல் வெள்ளோட்டம் விட்ட போர்க்கப்பல் அது.

செம்பு உண்மையாகவே அரிக்கவில்லை. ஆனால் இன்னொரு வம்பு வந்தது. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து விஷமாக வெளியேறியதால்தான் அதுவரை சிப்பியும் பாசியும் கப்பலில் ஒட்டாமல் இருந்தன. கரைவது நின்றதும் அவை அப்பிக்கொண்டன, கப்பலின் வேகம் குறைந்தது. கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. ஒன்றைச் சரிசெய்தால் வேறெங்கோ உடைகிற கதை, எங்க தொழிலில் தினமும் பார்ப்பது. ஆனால் டேவியின் தத்துவம் நிலைத்தது. இன்று இரும்புக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகள் இருப்பதும் அதே கணக்குத்தான்.

இதிலிருந்து கிடைத்த பாடம்: ஈரமும் உப்பும் இருக்கும் இடத்தில் மின்சாரம் கசிந்தால், பாசிட்டிவ் பக்கத்து உலோகம் கரையும், நெகட்டிவ் பக்கத்து உலோகம் தப்பும். டெலிபோன்காரர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். மெல்லிய செம்புக் கம்பி ஈர மண்ணுக்குள் மைல் கணக்கில் போகிறது, அது பிழைக்க வேண்டும். ஆகவே எக்ஸ்சேஞ்ச் பேட்டரியின் பாசிட்டிவை எர்த் செய்துவிட்டு, கம்பியை −48 வோல்ட்டில் வைத்தார்கள். இன்றைக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளிலும் செல்போன் கோபுரங்களிலும் அதே −48தான். நம்ம ஊர் டவருக்குக் கீழே உள்ள பேட்டரியும் அண்ணாச்சியின் எம்.ஜி.யும் இந்த விஷயத்தில் ஒரே சாதி.

1930களின் நடுவில் பிரிட்டிஷ் கார்கள் பாசிட்டிவ் எர்த்துக்கு மாறின. சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு. ஒன்று மேலே சொன்ன அரிப்பு: ஒயர்களும் சின்ன டெர்மினல்களும் நெகட்டிவாக இருந்தால் அவை தப்பும், கரைவது பெரிய சேஸிஸாக இருந்தால் தாங்கிக்கொள்ளும். இரண்டாவது ஸ்பார்க் பிளக். அதன் நடு முனை சூடாக இருக்கும். சூடான முனை நெகட்டிவாக இருந்தால் பொறி சுலபமாகப் பாயும். இந்த இரண்டாவது காரணத்தில் ஓர் ஓட்டை உண்டு. காயிலின் இரண்டு சின்ன ஒயர்களை இடம் மாற்றினாலே பொறியின் திசை மாறிவிடும், அதற்காக வண்டி முழுக்க மாற்றத் தேவையில்லை. முதல் காரணமும் மண்ணில் புதைந்த கம்பிக்குப் பொருந்துகிற அளவுக்குக் காருக்குப் பொருந்தாது. அமெரிக்காவில் ஃபோர்டுகூட 1955 வரை ஆறு வோல்ட் பாசிட்டிவ் எர்த்தில் ஓடியது, ஜெனரல் மோட்டார்ஸ் நெகட்டிவில் ஓடியது. இரண்டும் நன்றாகத்தான் ஓடின.

1960களில் டைனமோவுக்குப் பதில் சிலிக்கான் டயோடு வைத்த ஆல்டர்னேட்டர் வந்தது, டிரான்சிஸ்டர் ரேடியோ வந்தது. இவற்றைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு நொடியில் எரிந்துவிடும். உலகம் முழுக்க ஒரே வழக்கம் வேண்டியிருந்தது, நெகட்டிவ் ஜெயித்தது. எம்.ஜி.ஏ.வின் தம்பியான எம்.ஜி.பி.கூட 1967 கடைசியில் ஆல்டர்னேட்டரோடு நெகட்டிவ் எர்த்துக்கு மாறிவிட்டது. அண்ணாச்சியின் வண்டி அதற்கு முந்தைய தலைமுறை. மீட்டர் மைனஸ் காட்டியது கோளாறு இல்லை. ஒரு காலத்தில் யோசித்து எடுத்த முடிவு. நான்தான் என் காலத்தை அதன் மேல் திணிக்கப் பார்த்தேன்.

இவ்வளவும் படித்ததில் கோளாறு சரியாகவில்லைதான். ஆனால் கேள்வி மாறியது. நானும் எனக்கு முன்னால் பார்த்த மூன்று பேரும் மின்சாரம் போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பேட்டரி, காயில், மோட்டார், ஒயர். ஓஷானெஸி ஆற்றுக்குள் விட்ட அந்தத் திரும்பும் வழியை யாருமே பார்க்கவில்லை. அது இலவசமாக வருவதால் அப்படி ஒன்று இருப்பதே மறந்துவிடுகிறது.

மறுநாள் காலையில் தாழ்வாரத்துக்குப் போய் பானெட்டைத் திறந்து வெறுமனே பார்த்தேன். எஞ்சின் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? அதிர்வு தெரியாமல் இருக்க ரப்பர் மவுண்டிங் மேல். சேஸிஸைப் பொறுத்தவரை எஞ்சின் மின்சாரத்தில் ஒரு தீவு. பாம்பனுக்குப் பாலம் மாதிரி, அந்தத் தீவையும் சேஸிஸையும் இணைக்க ஒரு பின்னிய செம்புப் பட்டை இருக்க வேண்டும். செல்ஃப் மோட்டார், டைனமோ, ஸ்பார்க் பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட், இவை எல்லாவற்றின் மின்சாரமும் எஞ்சின் உலோகம் வழியாக அந்தப் பட்டையில் ஏறித்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும்.

பாலம் உடைந்தால்? மின்சாரம் வேறு வழி தேடும். எஞ்சினைத் தொடுகிற உலோகம் வேறென்ன இருக்கிறது? சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஸ்பீடாமீட்டர் கேபிள்.

அந்த இடத்தில் நோட்டில் எழுதிய நான்கும் ஒரே வரியாகிவிட்டன. செல்ஃபின் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்சாரம் சோக் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கிறது, அதனால் கேபிள் சுடுகிறது, மோட்டார் சோம்புகிறது. டைனமோவுக்கும் அதே ஒற்றையடிப் பாதைதான், அதனால் சார்ஜ் ஏறவில்லை, விளக்கு மங்குகிறது. சோக்கை உள்ளே தள்ளும்போது கேபிள் தொடும் இடம் நகர்கிறது, இக்னிஷனுக்குத் திரும்ப வழி அறுகிறது, எஞ்சின் அணைகிறது.

ஊகம் போதாது, அளக்க வேண்டும். திரும்பும் வழியில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று பார்ப்பதுதான் முறை. மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் பாசிட்டிவ் தலையில், இன்னொரு முனை எஞ்சின் பிளாக்கில். அண்ணாச்சியை நாப்பை இழுக்கச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டிய இடத்தில் 3.4 வோல்ட். நூறு ஆம்பியர் என்று வைத்தால்கூட 340 வாட். இஸ்திரிப் பெட்டியில் பாதிச் சூடு அந்த மெல்லிய கேபிள்களில்! பெட்ரோல் பக்கத்தில் ஓடும் இடம். தீப்பிடிக்காதது அண்ணாச்சியின் அதிர்ஷ்டம்.

வழியைப் பாதியாக வெட்டினேன். பேட்டரி தலையிலிருந்து சேஸிஸ் வரை: 0.1. சேஸிஸிலிருந்து எஞ்சின் வரை: 3.3. முடிந்தது.

மவுண்டிங் பக்கத்தில் கீழே படுத்துப் பார்த்தால் பட்டை இருந்தது. பச்சைக் களிம்பு பூத்து, பாதி இழைகள் அறுந்து. போல்ட்டைக் கழற்றினால் அடியில் பளபளவென்று சிவப்புப் பெயிண்ட்.

"அண்ணாச்சி, வண்டியில கடைசியா என்ன மாத்துனீங்கன்னு முதல் நாளே கேட்டேன்லா?"

"ஒண்ணும் மாத்தலியே. மூணு வருஷத்துக்கு முந்தி பெயிண்ட் அடிச்சேன். அது கரண்ட் வேலை இல்லையே."

ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேஸிஸையும் சேர்த்து அழகாகப் பெயிண்ட் அடித்து, பட்டையைப் பெயிண்ட்டின் மேலேயே முறுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மரை வழியாக மட்டும் கொஞ்சம் தொடர்பு இருந்திருக்கிறது. அதில் இரண்டு வருஷம் ஓடியிருக்கிறது. பிறகு ஒரு மழைக்காலம் முழுக்கத் தூத்துக்குடியில் உப்பளத்துப் பக்கம் மகன் வீட்டில் வண்டி நின்றது. மிச்சத்தை உப்புக்காற்று முடித்துவிட்டது. பெயிண்ட் அடித்ததற்கும் கோளாறு வந்ததற்கும் இடையே இரண்டு வருஷம் விழுந்ததால் யாருக்கும் முடிச்சுப் போடத் தோன்றவில்லை. நம்ம வீட்டு எர்த் குழிக்கு நாமே போடுகிற அதே உப்புதான், இங்கே எர்த்தைத் தின்றிருக்கிறது.

உப்புத்தாளால் பெயிண்ட்டை இரும்பு தெரிகிறவரை தேய்த்து, புதுப் பட்டை போட்டு, முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினோம். இறுக்கி முடித்துவிட்டு அளந்தால் 0.2 வோல்ட். செல்ஃப் ஒரே இழுப்பில் எடுத்தது. சோக் கேபிள் குளிர்ந்து கிடந்தது. பட்டையின் விலை, மாற்றிய பேட்டரி ஒன்றின் விலையில் ஒரு மூலைக்கு வராது. பாவம் லூகாஸ். அவர் போட்ட ஒயர் ஒன்றுகூடப் பழுதில்லை.

ஒரு வாரம் தினமும் ராத்திரி அண்ணாச்சி தனியாக ஓட்டிப் பார்த்தார். எட்டாம் நாள் மதினி ஏறினார், போகும்போது ஒரு டார்ச் லைட்டை மட்டும் மடியில் வைத்துக்கொண்டார். கோயம்புத்தூர்க்காரருக்கு இல்லை என்று சொல்லியாகிவிட்டது.

ஊருக்குக் கிளம்பும் முன்னால் ஒரு வேலை செய்தேன். பானெட்டைத் திறந்தால் கண்ணில் படுகிற இடத்தில் வெள்ளைப் பெயிண்ட்டால் எழுதினேன்: 'பாசிட்டிவ் எர்த். பேட்டரியைத் திருப்பாதே. எஞ்சின் எர்த் பட்டை வலது மவுண்டிங் பக்கம், பெயிண்ட் அடிக்காதே.' எனக்குப் பின்னால் மீட்டரோடு வரப்போகிற ஆளுக்கும் முதலில் மைனஸ்தான் தெரியும்.